டாக்டரின் இரண்டு விரல்

2024 மார்ச் 4, திங்கள்

அம்மாவின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் கண் பரிசோதனை. மாலைக்கண்ணாகத் தொடங்கியது, இருபது ஆண்டுகளில் விழித்திரையைக் கரைத்துவிட்டது. எழுத்துப் பலகையின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்தே தெரியவில்லை. டாக்டர் கிட்டே வந்து விரல்களைக் காட்டினார். "இரண்டு." "மூன்று." இரண்டும் சரி. வலக்கண்: விரல் எண்ணுதல், ஒரு மீட்டர். இடக்கண்: கை அசைவு, அதாவது முகத்துக்கு எதிரே கை அசைவது மட்டும் தெரிகிறது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பஸ்ஸில் அம்மா காதோடு சொன்னாள்: "அவர் எப்போதும் முதலில் இரண்டுதான் காட்டுவார். அடுத்தது மூன்று."

மார்ச் 5, செவ்வாய்

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 1862இல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஸ்நெல்லன் வகுத்த பலகையில், 6/60 எழுத்தின் (குறையில்லாத கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிற அளவு) உயரம் சுமார் 87 மி.மீ. கோட்டின் பருமன் அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 17 மி.மீ. ஏறக்குறைய ஒரு விரலின் தடிமன்! அப்படியானால் ஒரு மீட்டரில் விரல் எண்ணுவது கிட்டத்தட்ட 1/60. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணிலேயே 3/60க்குக் கீழே போனால் பார்வையின்மை என்கிறது. சான்றிதழுக்கு இது தாராளம்.

போன வருடத்தைவிடப் பார்வை குறைந்திருக்கிறதா என்று அறியத்தான் இது உதவாது. விரலுக்குப் பின்னால் டாக்டரின் வெள்ளைக் கோட் இருந்ததா, நீலச் சட்டையா, ஜன்னல் எந்தப் பக்கம், இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

மார்ச் 9, சனி

குறைபார்வைப் பிரிவில் ஒரு மணி நேரம். பலகைக்குப் பதில் கையடக்க அட்டைகள். அமெரிக்காவின் பெர்க்லியில் இயன் பெய்லி குழுவினர் 2012இல் வெளியிட்ட முறையாம். ஒற்றை E, நான்கு திசைகளில் திரும்பும். கால்கள் எந்தப் பக்கம் என்று அம்மா கையால் காட்ட வேண்டும். இங்கே மனப்பாடம் செல்லாது. ஒரு மீட்டரில் தெரியாவிட்டால் 25 செ.மீ. வரை கொண்டுவருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், பிறகு வெள்ளை எந்தப் பாதியில் இருக்கிறது என்ற கேள்வி. வெறும் "கை அசைவு" என்று எழுதப்பட்ட இடக்கண், அகலமான பட்டைகளின் திசையைச் சரியாகச் சொன்னது. அம்மாவுக்கே வியப்பு.

பிறகு அன்றாட வேலைகள் பற்றிய கேள்விகள். டம்ளரில் தண்ணீர் ஊற்றக் கஷ்டமா? இல்லை. (விளிம்பில் விரலை வைத்துத்தான் ஊற்றுகிறாள், அது கண்ணின் கணக்கா, விரலின் கணக்கா?) தனியாக வெளியே போகக் கஷ்டமா? "ஒரு கஷ்டமும் இல்லை" என்றாள் அம்மா. நான் குறுக்கிட்டேன்: "ஆறு வருடமாகத் தனியாக வாசல்படி தாண்டவில்லையே, அம்மா?" கேட்ட பெண் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினாள். நான் உடன் வராதிருந்தால் அந்தத் தாளில் அம்மா ஊர் சுற்றிக்கொண்டிருந்திருப்பாள்.

மார்ச் 12, செவ்வாய்

வெள்ளைத் தட்டில் சாதத்தைத் தேடினாள். கறுப்புத் தட்டு வாங்கினேன். தயிர்சாதம் மிச்சமின்றிக் காலி.

மார்ச் 17, ஞாயிறு

வெயில் வந்த பிறகே அம்மா கோலம் போடுகிறாள். ஈரத் தரை கறுத்திருக்கும், மாவு வெளுத்திருக்கும். முகம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து புள்ளி வைப்பாள். "பார்வையில்லை என்று அட்டை வாங்கிவிட்டுக் கோலமா?" என்று எதிர்வீட்டில் ஒரு பேச்சு.

இன்று 2011 பொங்கல் படத்தைத் தேடி எடுத்தேன். அப்போது இழை நூல் போல இருந்தது. வாசலில் போய் இன்றைய இழையின் மேல் ஸ்கேலை வைத்தேன்: 16 மி.மீ.

"என்ன அளக்கிறாய்?"

"ஒன்றுமில்லை. இழை கொஞ்சம் தடிமனாக இருக்கிறது."

"இந்தக் கடை மாவு சரியில்லை," என்றாள்.