இரண்டு நிமிடத் திருவிழா

அதிகாலை நாலரை மணி. கும்பகோணத்தில் எங்கள் கூடத்தில் பன்னிரண்டு பேர், எல்லோர் தலையிலும் ஏதோ ஒன்று.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் பார்க்கத் தொப்பி அணிய வேண்டுமாம். பந்தயம் நடக்கும் லூயிவில் நகரில் இருக்கும் தங்கையின் உத்தரவு. அங்கே சனிக்கிழமை மாலை, இங்கே ஞாயிறு இன்னும் விடியவில்லை.

சித்தப்பா துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தார். அம்மா மல்லிகைச் சரத்தைத் தொட்டுக்காட்டி, "எனக்கு இதுதான் தொப்பி" என்றார்.

அங்கே போர்பன் விஸ்கியில் புதினா போட்டுக் குடிப்பார்கள். நாங்கள் எலுமிச்சைச் சாற்றில் போட்டோம். ஒருவரும் தொடவில்லை, காபிதான் ஓடியது.

1875 முதல் ஆண்டு தவறாமல் நடக்கும் பந்தயம். தூரம் 2 கிலோமீட்டர்தான். 1973-இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை 1 நிமிடம் 59.4 நொடியில் ஓடிய சாதனை அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது.

பால் பொங்குகிறதென்று அடுக்களைக்குப் போன அம்மா திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது!

வென்ற குதிரைக்கு ரோஜாப் போர்வை போர்த்தினார்கள்.

"நம் அய்யனார் குதிரை நின்ற இடத்திலேயே மாலை வாங்குகிறது. பாவம், இது ஓடி வாங்க வேண்டியிருக்கிறது" என்றார் அம்மா.

சித்தப்பா அதே முண்டாசுடன் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டார்.