நெய்வேலித் தண்ணீரும் மின்கட்டணக் கணக்கும்

மின் உற்பத்திச் செலவை ஆராயும் வேலைக்கு வருபவரிடம் முதலில் இரண்டு எண்களைத்தான் கொடுப்பார்கள்: ஒன்று நிலைக்கட்டணம், மற்றொன்று எரிபொருள் கட்டணம். நிலையம் கட்ட வாங்கிய கடனுக்கான வட்டி, தேய்மானம், ஊழியர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் முதலாவதில் அடங்கும். எரியும் நிலக்கரியின் விலை இரண்டாவதில் வரும். என் பணியின் தொடக்க ஆண்டுகள், எரிபொருள் கட்டணத்தை வைத்து நிலையங்களை வரிசைப்படுத்துவதில் கழிந்தன. அந்த வரிசையில் மலிவான நிலையம் முதலில் ஓடும், விலை கூடியது தன் முறைக்குக் காத்திருக்கும். எரிசக்தி, பொருளாதாரம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் ஓர் ஆய்வுக் குழுவுக்கு நான் மாற்றலாகி வந்தபோது, எங்களுக்கு அமைந்த முதல் களம் நெய்வேலி.

அங்கே நிலக்கரியின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930களில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கருமையாக வெளிவந்த பொருள், பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) உருவாகி, 1962இல் சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சுரங்கத்தின் வாசலிலேயே நிலையங்கள் இருப்பதால் நிலக்கரியை ரயிலில் கொண்டுவரும் செலவு இல்லை. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் தொலைவிலிருந்து வரும் நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆதாயம். ஆனால் இந்தப் பழுப்பு நிலக்கரியின் எடையில் பாதியளவு ஈரம் என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். அந்த ஒரு கிலோவை எடுக்க, மேலே கிடக்கும் மண்ணைப் பல மடங்கு அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் கடும் அழுத்தத்துடன் ஒரு நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீர் நிறைந்த அடுக்கு, இருக்கிறது. அதன் அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே பொங்கிவிடும். ஆகவே சுரங்கம் இயங்கும் வரை, இரவும் பகலும் அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் குழுவின் மையக் கேள்வி இங்கேதான் பிறந்தது. இறைக்கப்படும் அந்தத் தண்ணீர், சுரங்கத்தின் கணக்கில் ஒரு செலவு. அதை அகற்றுவதற்கான மின்சாரமும் பம்புகளும் நிலக்கரியின் விலைக்குள் முறையாகச் சேர்ந்துவிடுகின்றன. அதே தண்ணீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போகிறது, ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது, ஒரு பகுதி சென்னையின் குடிநீருக்கும் பயன்பட்டிருக்கிறது. அங்கெல்லாம் அது வரவு. சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயியின் கணக்கிலோ, அது தன் துளைக்கிணற்றில் கீழே இறங்கிப்போன நீர்மட்டம். அந்த இழப்பை எழுதிவைக்க எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

கடலூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் முக்காலி நட்டு, சங்கிலி கட்டி, துளைக்கிணற்றுக்குள்ளிருந்து பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வரப்பில் வரிசையாகக் கிடத்தியிருந்த பைப்புகளில் காவிக் கறை ஓரிடத்தில் நின்றிருந்தது. ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற மட்டம் அது என்று காட்டினார் நிலத்துக்காரர். “எங்க அப்பா காலத்துல மோட்டாரே கெடையாதுங்க சார். பைப்ப எறக்குனா தண்ணி தானா கொட்டும்,” என்றார். இப்போது கூடுதலாக இரண்டு பைப்பு இறக்கி, அதிக எச்.பி. கொண்ட மோட்டார் மாட்டப்போவதாகவும், அதற்கு வீட்டுநகை அடகுக்குப் போயிருப்பதாகவும் சொன்னார்.

அந்த மோட்டாருக்கான மின்சாரம் இலவசம். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கு அளிக்கப்பட்டு, பிறகு எல்லா விவசாயிகளுக்கும் விரிந்த சலுகை அது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் அதன் கீழ் உள்ளன, பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. அந்த மின்சாரத்துக்கான தொகையை அரசு மானியமாகச் செலுத்துகிறது. நெய்வேலி மின்சாரமும் அதே மின்தொகுப்பில்தான் கலக்கிறது. நிலக்கரி எடுப்பதற்காகத் தண்ணீர் இறைக்கப்படுகிறது. அந்த நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தின் ஒரு பகுதி, ஆழத்துக்குப் போன தண்ணீரை இறைக்கத் திரும்பி வருகிறது.

எங்கள் குழுவில் பொறியாளர்கள் யூனிட்டிலும், பொருளியலாளர்கள் ரூபாயிலும், நீரியல் வல்லுநர்கள் மீட்டரிலும் பேசினார்கள். கூட்டம் முடிந்தும் முடிவு எட்டாத நாட்கள் பல. கடைசியில் எல்லோருக்கும் பொதுவான அளவாக ஒரு கன மீட்டர் தண்ணீரை எடுத்துக்கொண்டோம். 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த, இயற்பியல் கணக்குப்படி 0.27 யூனிட் போதும். கிராமத்து மோட்டாரின் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், அது 0.68 யூனிட் ஆகிறது. நீர்மட்டம் 30 மீட்டரில் இருந்திருந்தால் 0.2 யூனிட்டே செலவாகியிருக்கும். அதே நெல், அதே வயல், அதே ஆயிரம் லிட்டர். ஆனால் மின்சாரம் மூன்று மடங்குக்கும் மேல், அதற்கு எரியும் நிலக்கரியும் அத்தனை மடங்கு. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிய பிறகுதான், நீர்மட்டம் இறங்குவதைச் சுற்றுச்சூழல் அத்தியாயத்தில் மட்டும் பேசிவிட்டு நகர முடியாது, அது மின்கட்டண அத்தியாயத்திலும் வர வேண்டும் என்று அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

நீர்மட்டம் இறங்கியதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, விவசாய இறைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. இரண்டும் ஒரே நீர்த்தாங்கியின் மீது விழும் சுமைகள். மழை பொய்த்த ஆண்டுகள் வேறு குறுக்கே வருகின்றன. சுரங்கப் பம்புகளின் இறைப்பையாவது அளந்து பதிவு செய்கிறார்கள். விவசாயப் பம்புகளின் இறைப்பை எச்.பி.யை வைத்து ஊகிக்கிறோம். மீட்டர் வைப்பது கட்டணம் வசூலிப்பதற்கான முதல் படி என்று விவசாயிகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அளவீட்டையும் கட்டணத்தையும் சட்டப்படி தனித்தனியே வைத்தாலன்றி அந்த அச்சம் நீங்காது என்பது என் உறுதியான கருத்து. இலவச மின்சாரத்தை நிறுத்துவதே தீர்வு என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. நெல் விலையை வேறொருவர் தீர்மானிக்கும்போது, இடுபொருளின் விலையை மட்டும் விவசாயியின் தலையில் ஏற்றுவது அநீதி.

சுற்றுச்சூழலுக்கு விலை வைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய நிலக்கரி மேல்வரி, 2016இல் 400 ரூபாய் ஆனது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் வரியாக அது மாறிப்போனது. சுரங்க ஓரத்துக் கிணறுகளுக்கென்று அந்தப் பணம் ஒதுக்கப்படவில்லை. வரி இருந்தால் போதாது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் குழுவின் பொருளியலாளர் வற்புறுத்தியதன் பொருள் எனக்கு இங்கே விளங்கியது.

எனக்கு நம்பிக்கை தந்தவை வேறு இரண்டு முயற்சிகள். பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டத்தில், தனக்கு ஒதுக்கப்பட்ட மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் கிடைக்கும். குஜராத்தின் துண்டி கிராமத்தில் சூரிய பம்பு வைத்திருந்த விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாசனம் போக மீந்த மின்சாரத்தை மின்தொகுப்புக்கு விற்றார்கள். இரண்டிலும் விவசாயிக்கு மோட்டாரை நிறுத்துவதால் ஒரு வருமானம் பிறக்கிறது. மின்தொகுப்போடு இணையாத சூரிய பம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை; வெயில் உள்ளவரை தண்ணீர் செலவின்றி வருவதால், இறைப்பு குறைய அங்கே காரணமே இல்லை.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது, அப்படி மீந்த சூரிய மின்சாரத்தை என்ன விலைக்கு வாங்கலாம் என்ற கேள்வி. மின்வாரியங்களின் வழக்கமான ஒப்பீடு, காற்றாலையும் பெரிய சூரியப் பூங்காக்களும் தரும் மலிவான விலையோடு நிற்கிறது. நாங்கள் ஒப்பிட வேண்டிய விலை வேறு: அதே மின்சாரத்தில் தண்ணீர் இறைத்துப் பக்கத்து வயலுக்கு விற்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது. மின்வாரியம் தரும் விலை அதைவிடக் குறைந்தால், விவசாயி மின்சாரத்தை விற்கமாட்டார், தண்ணீரைத்தான் விற்பார். ஆகவே ஊர் ஊராகத் தண்ணீரின் மணிக்கணக்கு வாடகையை விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறோம்; மின்கட்டணத்தை நிர்ணயிக்கக் கோரி மின்வாரியங்கள் தரும் விண்ணப்பம் எதிலும் இதுவரை நான் காணாத ஓர் எண் அது.