கல்யாணப் பைகள் நான்கு, மஞ்சள் கயிறு ஒன்று

ஆஸ்பத்திரிப் பையை நான் இரண்டு தடவை கட்டினேன். முதல் தடவை கட்டியது உதவாது என்று கண்டுபிடித்தவர் அப்பத்தா.

முதல் பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே சென்னையிலிருந்து கோட்டையூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். 35 வாரம் ஆனதும் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, டிராலிப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கினேன். ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் குழந்தைக்கு. துணிகளைச் சுருட்டிச் சுருட்டி வைத்து ஜிப்பை இழுத்து மூடியபோது எனக்கே பெருமையாக இருந்தது. வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்: "ஏ ஆத்தா, இதை அங்க போய் யாரு திறப்பா?"

நான்தான் என்றேன்.

"நீ கட்டில்ல கெடப்ப. திறக்கப்போறது உங்கம்மா."

சரி, பார்த்துவிடலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டு, "குழந்தைத் தொப்பியை எடுங்க" என்றேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, கடைசியில் பெட்டியையே தரையில் கவிழ்த்துவிட்டார். தொப்பி என் சாக்ஸுக்குள் இருந்தது. இடம் மிச்சமாகும் என்று நான்தான் அங்கே செருகியிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும் தாம்பூலப் பைகளுக்குப் பஞ்சமே இல்லை. போய்வந்த கல்யாணம் எல்லாம் பையாகத் தொங்கும். அவற்றில் நிறம் வேறு வேறாக நான்கை எடுத்தோம். பள்ளத்தூர் கல்யாணப் பை சிவப்பு: பிரசவ அறைக்குப் போகும்போது எனக்கு வேண்டியவை. தேவகோட்டைக் கல்யாணப் பை மஞ்சள்: குழந்தை பிறந்ததும் சிஸ்டர் கேட்கிற துணி. புதுவயல் பை பச்சை: வார்டுக்கு வந்த பிறகு வேண்டியவை. அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அறுபதாம் கல்யாணப் பை நீலம்: துணைக்கு இருக்கப்போகிற அம்மாவுக்கு. நான்கையும் வாய் அகலமான ஒரே கட்டைப் பையில் நிற்க வைத்தோம். "தேவகோட்டைக் கல்யாணத்தை எடு" என்றால் எங்கள் வீட்டில் இருட்டிலும் எடுத்துவிடுவார்கள்.

மஞ்சள் பையில் வைத்தது கொஞ்சம்தான். அப்பச்சியின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு மடித்தோம். அதில் நான்கு, மெத்தென்ற பூத்துண்டு ஒன்று, முன்னால் முடிச்சுப் போடுகிற சட்டை இரண்டு, தொப்பி, காலுறை. ஆகஸ்ட் வெயிலில் தொப்பி எதற்கு என்று அம்மாவுக்குச் சந்தேகம். பிறந்த குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு நிறையப் போகும், ஆபரேஷன் அறையில் ஏசி வேறு ஓடும். சென்னையில் வாங்கிய, பின்பக்கம் பட்டன் வைத்த சட்டையை வெளியே எடுத்துவிட்டேன். கழுத்து நிற்காத குழந்தையைத் திருப்பிப் போட்டுப் பட்டன் போடுவது யாரால் ஆகும்?

ஃபைல் மட்டும் தனி. அதில் மேலாக என் ரத்த வகைச் சீட்டு. எனக்கு ஓ நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை என் உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிடாமல் இருக்க, 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தார்கள். குழந்தைக்கு பாசிட்டிவ் என்று வந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும், அடுத்த பிரசவத்துக்கான பாதுகாப்பு அது. அதற்குக் கீழே ஸ்கேன்கள், ஆதார் நகல், தாய் சேய் நல அட்டை. அந்த அட்டையில் இருக்கும், கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கிற 12 இலக்க ஆர்சிஎச் எண்ணை (பிக்மி நம்பர் என்றால்தான் பலருக்குத் தெரியும்) போனிலும் படமெடுத்து வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். நான் சென்னையில் பதிந்தவள் என்பதால், கோட்டையூர் வந்ததும் இங்கே உள்ள கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து விவரம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பத்தா தன் பங்குக்கு இரண்டு சாமான் கொடுத்தார். மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிறு ஒன்று, தேன் பாட்டில் ஒன்று. இரண்டையும் பார்த்துச் சிரித்தேன். ஆனாலும் சிவப்புப் பையின் ஓரத்தில் செருகிக்கொண்டேன்.

பையை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வியாகிவிட்டது. பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு, நாங்கள் இருப்பது பின்கட்டில். அங்கிருந்து முகப்புக்கு நடப்பதே ஒரு பயணம். எனவே பை முகப்பு அறையில், கார் சாவி தொங்கும் ஆணிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது.

37 வாரம் 4 நாள். இரவு இரண்டரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி இல்லை. ஆஸ்பத்திரிக்கு போன் செய்ததும் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி என்ன கலர்ல இருக்கு?" வெள்ளைப் பேட் வைத்திருந்ததால் தெரிந்தது: லேசான பச்சை. அப்படியென்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டேன் என்றும் கேட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு மூன்று இட்லி.

காரைக்குடிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். போனதும் குழந்தையின் நாடித்துடிப்பைப் பார்த்தார்கள், இறங்கி இறங்கி ஏறியது. நான்கு மணிக்கு, ஆபரேஷன்தான் என்று முடிவாகிவிட்டது. பை முழுக்க நார்மல் டெலிவரியை நினைத்துக் கட்டியது!

சிஸ்டர் முதலில் கேட்டது துணியும் இல்லை, ஃபைலும் இல்லை. "உடம்புல இருக்கற நகை எல்லாத்தையும் கழட்டிக் கொடுங்கம்மா. தாலிச் செயினும்தான்." அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்குச் சிவப்புப் பை நினைவுக்கு வந்தது. அம்மா மஞ்சள் கயிற்றை எடுத்து என் கழுத்தில் கட்டி, செயின், வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் தன் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டார். மூன்று முடிச்சு. விடியும்வரை அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

இன்னொரு சிக்கல் என் விரல் நுனியில். போன வாரம் ஆசைக்கு வைத்த மருதாணி நகமெல்லாம் சிவந்திருந்தது. ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டினால் சரியாகக் காட்டவில்லை என்று சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே காதுமடலில் மாட்டினார். கடைசி மாதத்தில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம்.

5:20-க்குப் பெண் குழந்தை. சிஸ்டர் வெளியே வந்து "துணி கொண்டாங்க" என்று கேட்டபோது, கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்த அம்மா தேவகோட்டைக் கல்யாணத்தை ஒரே எடுப்பில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதை அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீலப் பையில்தான் கோட்டை விட்டோம். போர்வை, மாற்றுச் சேலை, டம்ளர் எல்லாம் இருந்தன. அம்மாவின் சர்க்கரை மாத்திரை இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்த பட்டியலிலும் துணைக்கு இருப்பவருக்கென்று ஒரு வரி கிடையாது. காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தலை சுற்றிய பிறகுதான் அப்பச்சி வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டையூருக்குப் போனார். போனவர் மாத்திரையோடு ஒரு பெரிய சம்படத்தையும் கொண்டுவந்தார்: சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை. பார்க்க வந்தவர்களும், அன்று இரவு பல்லவன் ரயிலில் வந்து இறங்கிய என் வீட்டுக்காரரும் ஐந்து நாளில் அதைக் காலி செய்தார்கள். எனக்கு முதல் நாள் வெறும் தண்ணீர், அப்புறம் கஞ்சி.

தேன் பாட்டில் மூடி திறக்காமலே திரும்பியது. சேனை வைக்கலாமா (பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பது) என்று அம்மா மெதுவாகக் கேட்டதற்கு, சீம்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது, தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பத்தாவுக்குப் போனில் சொன்னபோது, "கயிறு உதவுச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை பக்கத்து ஊரில் இருப்பது மாதிரி. குனியவே முடியாது. இரண்டாம் நாள் பையை ஸ்டூல் மேல் ஏற்றச் சொன்னேன். வீடு திரும்ப என்று வைத்திருந்த சுடிதாரின் நாடா சரியாகத் தையல் மேல் வந்து உட்கார்ந்தது, கழற்றிவிட்டு நைட்டியோடுதான் காரில் ஏறினேன். முன்பக்க ஜிப் வைத்த நைட்டி மூன்று கொண்டுபோனேன், ஐந்து இருந்திருந்தால் அம்மாவுக்குத் துவைக்கிற வேலை குறைந்திருக்கும். சார்ஜர் இருந்தது, வயர் கட்டில்வரை எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டுக்காரர் வெளியே கடையில் வாங்கி வந்தார். பால் பம்ப், பவுடர் டப்பா, படிக்கலாம் என்று வைத்த புத்தகம் எல்லாம் போனது போலவே வந்தன.

பாப்பாவுக்கு பாசிட்டிவ். இரண்டாம் நாளே ஆன்டி-டி போட்டுவிட்டார்கள்.

இப்போது சித்தப்பா மகள் ஒன்பதாம் மாதம். பட்டியல் அனுப்பு ஆச்சி என்று கேட்டாள் (எங்கள் பக்கம் அக்காதான் ஆச்சி). பட்டியலை அனுப்பவில்லை, நான்கு பைகளையும் துவைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். நீலப் பையில் சித்தியின் பிரஷர் மாத்திரை ஒரு அட்டை போட்டாயிற்று. மஞ்சள் கயிறு மட்டும் அவள் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.