கறுப்புத் திரையும் மாற்றிய முடிவும்
மாஃபியா தலைவன் டோனியின் கதையைச் சொன்ன அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'தி சோப்ரானோஸ்' 2007 ஜூன் 10 அன்று முடிந்தது. கடைசிக் காட்சி இதுதான். டோனி குடும்பத்தோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே மகள் காரை நிறுத்த வராமல் முன்னும் பின்னும் நகர்த்துகிறாள். கதவு மணி கேட்டு அவன் நிமிர்ந்ததும் பட்டென்று திரை கறுப்பு. கேபிள் போய்விட்டதென்றே பலர் நினைத்தார்கள். செத்தானா, இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம்.

வீடியோ கேம் ரசிகர்கள் சும்மா விடவில்லை. 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3' என்ற கேமின் முடிவு பிடிக்காமல் கொதித்தார்கள். சில மாதங்களிலேயே விரிவான முடிவு இலவசமாக வந்தது. அவர்கள் கேட்டது நியாயம்தான். மூன்று பாகங்களிலும் நம்மையே தேர்வு செய்ய வைத்துவிட்டு, கடைசியில் அதற்கு மதிப்பில்லை என்றால் கோபம் வராதா? டோனி கதையில் நாம் எதையும் தேர்வு செய்யவில்லை, பார்த்தோம், அவ்வளவுதான். அதனால் அந்தக் கறுப்புத் திரையை யாரும் திருத்தக் கூடாது என்பதே என் கட்சி.