துப்பாக்கி மெக்கானிக் ஆகணுமா? முதலில் அரத்தைப் பிடியுங்கள்

இருக்கிற வேலையை விட்டுவிட்டு துப்பாக்கி ரிப்பேர் கற்றுக்கொண்டால் பிழைக்க முடியுமா? சென்னையில் இந்தத் தொழில் இருக்கிறது, ஆனால் சிறியது. வங்கிக் காவலர்களின் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள், லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் ரிவால்வர்கள், விளையாட்டு வீரர்களின் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் ஆகியவைதான் வேலை. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது டீலர் கடைகளுக்குப் பாதுகாப்புக் கட்டணமும் கொஞ்சம் வரும்.

வேலையில் இறங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவில் தயாரிப்பு, விற்பனையோடு ரிப்பேரும் சேர்ந்தே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். "தெரிஞ்சவர்தான், ஸ்ப்ரிங் மட்டும் மாத்திக் கொடு" என்று நண்பர் நீட்டும் துப்பாக்கியை வீட்டு மேஜையில் பிரித்தாலும் இதே பிரிவுதான். மாநகரில் ஆயுத லைசென்ஸ் விவகாரம் பெரும்பாலும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தைச் சேர்ந்தது. புதியவருக்கு நடைமுறையில் உள்ள வழி, லைசென்ஸ் உள்ள டீலரின் பட்டறையில் அவர் பொறுப்பில் வேலை செய்வதுதான். சொந்த லைசென்ஸ் எல்லாம் பிறகு.

வெளிநாட்டில் படிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் 1947 முதல் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஃபீஸ் கட்டுவதற்கு முன் இதை வக்கீலிடம் கேளுங்கள். ஜெர்மனியில் இது தொழிற்பயிற்சியாக மூன்று ஆண்டு ஓடும், மொழி தெரிந்தாக வேண்டும். இந்தியாவில், ராணுவத்தின் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் பராமரிக்கும் இஎம்இ பிரிவும், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பள்ளியும் சீருடைக்காரர்களுக்கானவை.

ஆக மிஞ்சுவது ஐடிஐ. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் மூன்றும் இரண்டு ஆண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்சவரம்பே இல்லை. மூன்றில் ஃபிட்டரை எடுங்கள். துப்பாக்கி ரிப்பேரில் முக்கால்வாசி அரமும் அளவும்தான், லேத் பிறகு வந்தால் போதும்.

அதற்கும் முன்பாக வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையில் 50 மில்லிமீட்டர் கனமுள்ள மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றை வாங்குங்கள். வைஸில் (மேஜையில் பொருத்திய பிடிகருவி) பிடித்து, 10 அங்குல பட்டை அரத்தால் ஆறு முகங்களையும் மட்டமாக்குங்கள். எதிரெதிர் முகங்களுக்கு இடையே அளவு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் மாறக்கூடாது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கசியக்கூடாது. முதல் முயற்சியில் முகம் கட்டாயம் நடுவில் புடைத்துக்கொள்ளும். அரம் ஊஞ்சல் மாதிரி ஆடுவதுதான் காரணம். தள்ளும் தொடக்கத்தில் அரத்தின் நுனியைப் பிடித்த கையிலும் முடிவில் கைப்பிடியைப் பிடித்த கையிலும் அழுத்தம் அதிகம் இருக்க வேண்டும், இழுக்கும்போது அழுத்தமே கூடாது. சீவல் பல்லில் ஒட்டிக்கொண்டு கோடு கிழித்தால் அரத்தில் சாக்பீஸ் தேயுங்கள். இரண்டாவது வாரத்திலேயே வெறுத்துவிட்டதா? நல்லது, குறைந்த செலவில் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த படி ஏர் வெப்பன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ளவற்றுக்கு, வாங்கி வைத்திருப்பவரிடம் ஆயுத லைசென்ஸ் கேட்பதில்லை. கட்டணம் வாங்கி சர்வீஸ் செய்வதாக இருந்தால் மட்டும் கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். "பவர் ஏத்திக் கொடுங்க" என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைபிளின் குண்டு) வினாடிக்கு 275 மீட்டரைத் தொட்டாலே 20 ஜூல் ஆகிவிடும், அதற்கு மேல் அது லைசென்ஸ் ஆயுதம். போட்டி ரைபிள்கள் 170, 175 மீட்டரில்தான் சுடுகின்றன, ஏறக்குறைய 8 ஜூல்.

இந்த ரைபிள்களின் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்குகிறது. சென்னையின் ஈரக் காற்றைக் கைப்பம்பில் அடித்து நிரப்பினால் உள்ளே தண்ணீர் தேங்கி வால்வைத் தின்னும், ஆகவே ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வழியாகத்தான் நிரப்ப வேண்டும். அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் தளர்த்தாதீர்கள். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தத்தில் தீப்பற்றும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், பெரும்பாலானவற்றுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள்.

வேகமானி வைத்துப் பத்து ஷாட் சுட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு வரும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போனால், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் அனுப்பும் ரெகுலேட்டர் சரியாக அடைக்காமல் மெதுவாகக் காற்றைக் கசிய விடுகிறது என்று அர்த்தம். வேகம் படிப்படியாகக் குறைந்தால் சிலிண்டரில் காற்று தீர்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. சோப்பு நீர் தடவினால் கசியும் இடம் தெரிந்துவிடும்.

டிரிக்கரில் கை வைக்கும்போதுதான் பலர் தொழிலையே கெடுத்துக்கொள்கிறார்கள். டிரிக்கரை இழுக்கும்வரை சுடும் பாகத்தைப் பிடித்து வைக்கும் கொக்கிதான் சியர். பெரும்பாலும் அதன் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், அதன் கீழே இரும்பு மிருது. "மெருகு போடுகிறேன்" என்று தேய்த்து அந்தத் தோலைக் கடந்துவிட்டால், சில நூறு ஷாட்டில் விளிம்பு தேய்ந்து, தட்டினாலே சுடும் ஆயுதமாகிவிடும். சுத்தம் செய்யுங்கள், தேய்ந்திருந்தால் புதுசு மாற்றுங்கள், அவ்வளவுதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரிக்கர் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி, எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள்.

ஸ்க்ரூ டிரைவர் சாதாரண ஆப்பு முனையாக இருந்தால் ஸ்க்ரூவின் காடி வழுக்கிச் சிதையும். இரு பக்கமும் இணையாக அரைத்த முனை வேண்டும், அகலமும் காடிக்குச் சரியாக இருக்க வேண்டும். சிதைந்த ஸ்க்ரூவைப் பார்த்தாலே வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் வியர்வைக் கை பட்ட இடம் மறுநாளே பழுப்பாகும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். நுரை ஒட்டிய பையில் மட்டும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பின் மேலேயே கிடக்கும்.