கோத்தகிரியில் கொதித்த நீர்

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150க்கு 97 மதிப்பெண் வாங்கியிருந்தேன். பொதுப்பிரிவினருக்கே 90 போதும் என்பதால், இனி நேர்காணல் என்பது சான்றிதழ்களை அடுக்கிக் காட்டி விட்டு வரும் சடங்குதான் என்ற நினைப்பு எனக்குள் வந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியிலிருந்து, எட்டாம் வகுப்புக்கு இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அறிவியலில் எந்தப் பாடமானாலும் சரி என்று தொலைபேசியில் சொன்னபோதுகூட அந்த நினைப்பு கலையவில்லை.

பத்து நாள் தயாரித்தேன். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை ஒப்பித்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கான விடையைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். பி.எட். படிப்பில் பழக்கியபடி, கற்றல் நோக்கம், துணைக்கருவி, அறிமுகம், மதிப்பீடு என்று கட்டம் போட்டுப் பாடக்குறிப்பு எழுதினேன். தலைப்பு, கொதிநிலை. பவானியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா மகனை உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை நடத்தினேன். மிட்டாய்க்காக உட்கார்ந்திருந்த அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாடம் தெளிவாக இருக்கிறது என்று அதற்கு நான் பொருள் கொண்டேன்.

மேட்டுப்பாளையத்தில் விடியற்காலைப் பேருந்து பிடித்து, கையில் ஓர் எலுமிச்சம்பழத்துடன் மலையேறி, தலைசுற்றல் தெளிவதற்குள் பள்ளி வாசலில் நின்றேன். சான்றிதழ்களுக்கு மூன்று ஜெராக்ஸ் பிரதிகள் எடுத்து வைத்திருந்தவளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

தாளாளர் முதலில் கேட்டது, இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரை வந்த மலை ரயில் 1908இல் உதகை வரை நீண்டது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் மாறாமல், "இதெல்லாம் சீசனுக்கு வர்றவங்களும் சொல்வாங்கம்மா. எங்க பிள்ளைங்க வீட்டில என்ன பேசுவாங்க, அப்பா அம்மா என்ன வேலைக்குப் போறாங்க?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் என்பதும், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள் என்பதும், பலருடைய பெற்றோர் கொழுந்து பறிக்கிறவர்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு வகுப்பு. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரம் ஏறிய கரும்பலகையில் சாக்பீஸ் வழுக்கியது. "நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று ஒருவழியாக எழுதி முடித்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, "இங்கேயுமா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "குக்கர் இல்லாட்டி எங்க வீட்டில பருப்பே வேகாது டீச்சர்" என்றாள்.

காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதைக் கல்லூரித் தேர்வுகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்ற கணக்கும் தெரியும். அந்தக் கணக்குப்படி, நான் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் பருப்பு வேகத் தாமதமாகிறது. குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலை உயர்கிறது. இத்தனையும் தெரிந்திருந்தும், பவானிக் கூடத்தில் எழுதிய குறிப்பை அப்படியே மலைமேல் கொண்டுவந்து வைத்திருந்தேன். "நான் எழுதியது இந்த ஊருக்குப் பொருந்தாது" என்று சொல்லி அந்த வரியை அழித்துவிட்டு, அவள் வீட்டுப் பருப்பிலிருந்தே தொடங்கினேன். மீதிப் பன்னிரண்டு நிமிடங்களில் மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. பாடக்குறிப்பின் கட்டங்கள் பாதி நிரம்பாமலே கிடந்தன.

கடைசியாகத் தாளாளர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வருஷம் இருப்பீங்க?" கீழே வேலை கிடைத்ததும் கல்வியாண்டின் நடுவிலேயே இறங்கிப் போன ஆசிரியர்கள் அவருக்குப் பழக்கம் போலும். மனப்பாடம் செய்த எந்த விடையும் இதற்கு உதவவில்லை. மூன்று ஆண்டுகள் நிச்சயம் என்றேன். இது ஒன்பதாவது ஆண்டு.

இப்போது மாதிரி வகுப்பு எடுக்க வருகிறவர்களைப் பார்க்கப் பின்வரிசையில் நானும் உட்காருகிறேன். நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம், முதல் நாளே வந்து தங்கி, மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலருகே உள்ள டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறேன். ஸ்வெட்டரும் கொண்டுவரச் சொல்கிறேன். அதை மட்டும் எல்லோரும் தவறாமல் கேட்டுக்கொள்கிறார்கள்.