ஸ்விஃப்ட்டுக்கு ஆம்ப், சப்வூஃபர்: ரெண்டாவது தடவையில சரியா வந்துச்சு

மூணு மாசமா இழுத்துக்கினு இருந்த வேலை போன ஞாயித்துக்கிழமை தான் ஒரு வழிக்கு வந்துச்சு. முழுசா முடியல, சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு, ஆனா ஆம்பும் (சத்தத்த பெருக்கற ஆம்ப்ளிஃபயர்) சப்வூஃபரும் (அடி சுரத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இப்ப நான் நெனச்ச மாதிரி பாடுது, அதான் ஞாபகம் இருக்கும்போதே எழுதிடறேன்.

வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். டெய்லி சத்துவாச்சாரியில இருந்து ராணிப்பேட்டை சிப்காட் போய் வர்றேன், பாட்டு இல்லாம ஒரு நாள் கூட ஓட்டினது கெடையாது. கேக்கறது பெரும்பாலும் ராஜா சார் பாட்டு தான். அவர் பாட்டுல பேஸ் கிட்டார் தாளத்துக்கு துணையா மட்டும் போகாது, அது தனியா ஒரு மெட்டு பாடிக்கினே போகும். ஹெட்போன்ல அது தெளிவா கேக்கும், வண்டியில கேக்காது. காரணம் ரொம்ப சிம்பிள், பேஸ் கிட்டார்ல இருக்கற தடி கம்பிய சும்மா மீட்டினாலே 41 ஹெர்ட்ஸ், அதுக்கு அடுத்த கம்பி 55, என் டோர் ஸ்பீக்கர் ஆறரை இன்ச்சு, 70க்கு கீழ போனாலே அதுக்கு மூச்சு வாங்குது. அப்ப அந்த மெட்டுல பாதி எனக்கு வந்து சேரவே இல்ல. அந்த பாதிக்காக தான் இவ்ளோ செலவும் அலைச்சலும்.

மொத தடவை ஒரு கடையில மொத்தமா செட்டா வாங்கி அங்கயே மாட்டிக்கினு வந்தேன். 10 இன்ச் சப், 2 சேனல் ஆம்ப், ரெடிமேடா ஓட்டை வெச்ச பொட்டி. ஆம்ப் அட்டைப்பொட்டி மேல பெருசா 2000 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு, நானும் அத்த நம்பி தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆம்ப் பக்கவாட்டுல பாத்தா ஒரே ஒரு 25 ஆம்பியர் ஃப்யூஸ். வண்டி ஓடும்போது சுமார் 13.8 வோல்ட் வருதுனு வெச்சா 25ஆல பெருக்கினா 345 வாட்ஸ், உள்ள போறதே அவ்ளோ தான். இது கிளாஸ் ஏபிங்கற வகை ஆம்ப், அதுல உள்ள போறதுலயும் சுமார் 60 சதவீதம் தான் ஸ்பீக்கருக்கு போகும், மீதி சூடா போயிடும். ஆக நெசமா கெடைக்கறது 200 வாட்ஸ் கிட்ட தான். வாங்கறவங்க அட்டைப்பொட்டிய உட்டுட்டு ஃப்யூஸையும், ஆர்எம்எஸ்னு போட்டிருக்கற நம்பரையும் (விடாம தொடர்ந்து தாங்கற பவர்) பாருங்க.

ஆனா நான் வசமா சிக்கினது வாட்ஸ்ல இல்ல, ஓம்ஸ்ல, அதாவது ஸ்பீக்கர் காயிலோட மின்தடையில. சித்திரை மாசம், மத்தியான வெயில்ல குடும்பத்தோட குடியாத்தம் மாமியார் வீட்டுக்கு போய்க்கினு இருக்கோம். பள்ளிகொண்டா டோல் தாண்டி கொஞ்ச தூரத்துல சப் கப்புனு நின்னு போச்சு. பத்து நிமிஷம் கழிச்சு தானா வந்துச்சு, திரும்ப நின்னுச்சு. "ஏங்க, எதுவோ கருகற வாசனை வருதுங்க"னு வீட்டுக்காரம்மா சொன்னதும் ஓரங்கட்டி டிக்கிய தொறந்து பாத்தா ஆம்ப் மேல கை வெக்க முடியல, செகப்பு லைட்டு எரியுது. புரொடெக்ட் மோடுக்கு போயிருக்கு, அதாவது சூடு தாங்காம தன்ன காப்பாத்திக்க தானா நின்னுருக்கு. கொழந்தை பின்சீட்ல தூங்கிக்கினு இருந்தான், அந்த நிமிஷம் வயித்தை கலக்கிடுச்சு. அங்கயே ஃப்யூஸ புடுங்கி ஜோப்புல போட்டுக்கினு தான் மீதி தூரம் ஓட்டினேன்.

அன்னிக்கு ராத்திரி தான் ரெண்டு மேனுவலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிச்சேன். என் சப் டூயல் வாய்ஸ் காயில், அதாவது உள்ள ரெண்டு கம்பிச்சுருள், ஒவ்வொரு காயிலும் 4 ஓம்ஸ். ரெண்டையும் பேரலலா கட்டினா 2 ஓம்ஸ், சீரிஸா கட்டினா 8 ஓம்ஸ், 4 ஓம்ஸ்ங்கறது இந்த சப்ல எப்படி கட்டினாலும் வராது. ஆம்ப்ல ரெண்டு சேனலையும் சேத்து பிரிட்ஜ் பண்ணா கொறைஞ்சது 4 ஓம்ஸ் வேணும்னு மேனுவல்லயே போட்டிருக்கு. கடையில பேரலலா கட்டி உட்டிருந்தாங்க, ஆம்புக்கு வேண்டிய ஓம்ஸ்ல பாதி தான் கெடைச்சிருக்கு, கரண்ட் ரெண்டு மடங்கு இழுத்து அது வெந்து போச்சு. சீரிஸா மாத்தினா சூடு வராது, ஆனா 4 ஓம்ஸ்ல வர்ற பவர்ல பாதி தான் வரும், ரெண்டு நாள் அப்படி ஓட்டி பாத்தேன், சப் இருக்கறதே தெரியல. இதே ஆம்புக்கு 2 ஓம்ஸ் டூயல் காயில் சப் எடுத்திருந்தா சீரிஸ்ல கரெக்டா 4 வந்திருக்கும். சப்பையும் ஆம்பையும் ஜோடியா தான் பாக்கணும், சப் எந்த ஓம்ஸ்ல நிக்கும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு, அந்த ஓம்ஸ்ல சப்போட ஆர்எம்எஸ் அளவுக்கு பவர் குடுக்கற ஆம்ப தேடணும்.

சப்ப வெச்சுக்கினு ஆம்ப மட்டும் மாத்தினேன், பழச வித்ததுல 2,000 ரூபா நஷ்டம். புதுசு கிளாஸ் டி வகை, மோனோ (ஒரே சேனல்), 2 ஓம்ஸ்ல 300 வாட்ஸ் ஆர்எம்எஸ், சப்பும் 300 ஆர்எம்எஸ். கிளாஸ் டி 80 சதவீதம் கிட்ட வேலை செய்யும், அதனால முழு பவர்ல கூட 27 ஆம்பியர் கிட்ட தான் இழுக்கும், சூடும் கம்மி. நம்ம வேலூர் வெயில்ல பார்க் பண்ண வண்டி டிக்கி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், எனக்கு இது தான் பெரிய விஷயமா பட்டுச்சு. ஆம்ப பொட்டி மேல மாட்டல, பின்சீட்டுக்கு பின்னாடி பலகை வெச்சு, காத்து போக ரெண்டு சென்டிமீட்டர் இடம் உட்டு மாட்டினேன்.

ஒயர் விஷயத்துல எங்க ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் தான் கண்ண தொறந்தாரு. பழைய செட்டோட வந்த ஒயர எடுத்தாரு, மேல ரப்பர் நல்லா மொத்தமா இருக்கு, உரிச்சு பாத்தா உள்ள கம்பி கால்வாசி கூட இல்ல. ஒரு இழைய பிளேடால மெதுவா சொரண்டினாரு, செம்பு நெறம் போய் வெள்ளையா மின்னுச்சு. "பாத்துக்க தம்பி, அலுமினியத்துக்கு செம்பு பூசி குடுத்துருக்கான், இத்த உடு"ன்னாரு. சுத்த செம்புல 8 கேஜ் 5 மீட்டர் வாங்கினோம், பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள 40 ஆம்பியர் ஃப்யூஸ். இத்த யாரும் உட்டுடாதீங்க, அந்த ஃப்யூஸ் ஒயருக்கு தான் காவல், அது இல்லாம ஒயர் எங்கயாவது தகரத்துல உரசி ஷார்ட் ஆச்சுனா வண்டியே எரிஞ்சிடும்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் ஸ்பீக்கர்ல ங்ஙீனு ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டர் அழுத்தினா கூடவே ஏறுது. எர்த்த சீட் போல்ட்டுல பெயின்ட் மேலயே முடுக்கியிருந்தோம். சேண்ட் பேப்பர் போட்டு பளபளனு தகரம் தெரியற வரைக்கும் தேச்சு திரும்ப முடுக்கினதும் சத்தம் நின்னுச்சு. பாட்டு சிக்னல் போற ஆர்சிஏ ஒயரும் பவர் ஒயரும் மொதல்லயே எதிர் எதிர் பக்கமா தான் போட்டிருந்தோம்.

பொட்டி தான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. பழைய பொட்டியில சத்தம் இருந்துச்சு, ஆனா எந்த சுரம் வந்தாலும் ஒரே மாதிரி தொம் தொம்னு தான் கேக்கும். ஓட்டை வெச்ச பொட்டி எல்லாமே மோசம்னு சொல்லல, அளவு கரெக்டா இருந்தா அதுவும் நல்லா பாடும், சத்தமும் கூட வரும். எனக்கு மெட்டு தெரியணும், அதான் சீல் பொட்டி. இந்த சப்புக்கு 20 லிட்டர் கேட்டுச்சு, உள் அளவு 34க்கு 34க்கு 19 சென்டிமீட்டர்னா 22 லிட்டர் வரும், சப்போட பின்பக்கம் ரெண்டு லிட்டர் கிட்ட புடிச்சுக்கும், சரியா போச்சு. 18 எம்எம் எம்டிஎஃப் பலகை வாங்கிக்கினு ஆசாரிகிட்ட போனா அவரு திருப்பி திருப்பி பாத்துட்டு "இன்னா சார், காத்து போற ஓட்டையே போடலயே?"னு கேட்டாரு. "வேணாம்ணே, ஒரு ஊசி காத்து கூட வெளிய போகக்கூடாது"ன்னேன். மூலைக்கு மூலை பசை ஊத்தி, உள்பக்கம் விரலாலயே சிலிகான் இழுத்து அவ்ளோ பொறுமையா பண்ணி குடுத்தாரு. சப்போட கோனை (முன்னாடி அசையற கூம்பு) கையால லேசா அமுக்கினா மெதுவா தான் திரும்பி வருது, காத்து கசியலனு அதுலயே தெரியும்.

ஆம்ப்ல இருக்கற கெயின் நாப்ப (உள்ள வர்ற சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்ப செட் பண்றது) வால்யூம் மாதிரி திருகாதீங்க. சப்ப கழட்டிட்டு, டாஷ்போர்டு மியூசிக் செட்டுல வால்யூம் முக்கால்வாசி வெச்சு, பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணி 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட உட்டு, ஆம்ப் அவுட்புட்ல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சேன். 300 வாட்ஸ பெருக்கல் 2 ஓம்ஸ் 600, அதோட வர்க்கமூலம் 24.5. மீட்டர் 24.5 காட்டினதும் அங்கயே நிறுத்திட்டேன். சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதுக்கு கீழ இருக்கறது மட்டும் போகும்), டோர் ஸ்பீக்கருக்கு செட்டுலயே ஹை பாஸ் 80 (அதுக்கு மேல இருக்கறது மட்டும்). ஃபேஸ் ஸ்விட்ச்ச (சப்போட அசைவ 0 இல்ல 180 டிகிரினு தலைகீழா மாத்தறது) டிரைவர் சீட்ல உக்காந்து ரெண்டு பக்கமும் போட்டு கேட்டேன், 180ல பேஸ் முன்னாடி டாஷ்போர்டுல இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு, அதையே வெச்சுட்டேன்.

சாயந்தரம் நைனாவ முன்சீட்ல உக்கார வெச்சு ரத்னகிரி வரைக்கும் ஒரு ரவுண்டு போனோம். சத்தம் அதிகம்னு திட்டுவாருனு நெனச்சேன், எதுவும் பேசல. பாதி வழியில "டேய், அந்த கிட்டார்காரன் பாட்டுக்கு அடியில இன்னொரு பாட்டு வாசிக்கறான்டா, இத்தினி வருஷமா இத்த கேக்கவே இல்லயே"ன்னாரு. திரும்ப மொதல்ல இருந்து போட சொன்னாரு.

பாக்கி இருக்கறது டிக்கி மேல இருக்கற பார்சல் ட்ரேவோட அதிர்வு சத்தம் தான். நம்பர் பிளேட்டுக்கு பின்னாடி ஃபோம் டேப் ஒட்டியாச்சு, ட்ரே மட்டும் கீழ் சுரத்துக்கு இன்னும் கிர்ருங்குது, வர்ற ஞாயித்துக்கிழமை ஓரத்துல ஃபெல்ட் ஒட்டணும்.